தள்ளிவிட்டா ஓடுதா?

ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் முகத்தில் காற்று படவில்லை.

புது வீட்டில் சாமான்களை இறக்கிவிட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே இது அவளுக்கு உறைத்துவிட்டது. ரெகுலேட்டர் ஐந்தில் இருந்தது. இறக்கைகள் மூன்றும் தனித்தனியாகத் தெரியாத வேகத்தில் சுழன்றன. சத்தத்திலும் குறையில்லை. கழுத்து வியர்வை மட்டும் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. மகள் கிழித்துப் போட்ட ஒரு துண்டுக் காகிதம் தரையோடு தரையாக நகர்ந்து, ஃபேனுக்கு நேர் கீழே போய், ஒரு ஜாண் உயரம் எழும்பி மறுபடி விழுந்தது.

வேறு யாராவது என்றால் பழைய ஃபேன் என்று அலுத்துக்கொண்டு விட்டிருப்பார்கள். இவள் மோட்டார் வைண்டிங் செய்கிறவள். பன்னிரண்டு வருடமாக ஒரு பட்டறையில் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி ஓடவைத்து அனுப்புகிறவள். கம்பி இழுத்து இழுத்து வலது ஆள்காட்டி விரல் காய்த்துப் போயிருந்தது. லாரி ஓட்டும் கணவன் அவளை ‘மோட்டாரு’ என்றுதான் கூப்பிடுவான். அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒரு ஃபேன் சும்மா சுற்றினால் அவளுக்கு எப்படிப் பொறுக்கும்?

ஸ்விட்சை அணைத்துவிட்டு இரும்பு முக்காலியைப் போட்டு ஏறினாள். மொட்டை மாடியில் தனியாகக் கட்டிய ஒற்றை அறை அது. கூரை தாழ்வு. முக்காலி மேல் நின்றால் அவள் கண் இறக்கைகளுக்கு மேலே வந்துவிடும். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஃபேன் இறக்கையின் ஒரு விளிம்பு உயரமாகவும் மற்றது தாழ்வாகவும் இருக்கும். உயரமான விளிம்பு முன்னால் போனால்தான் காற்று கீழே வரும். முன்னால் போகும் விளிம்பில்தான் தூசி கெட்டியாக அப்பும். இங்கே தூசி முழுவதும் தாழ்ந்த விளிம்பில் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் தூசி இல்லை. வருடக்கணக்காக இந்த ஃபேன் எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறது. கீழே இருக்கும் காற்றையெல்லாம் மேலே இழுத்துக்கொண்டே ஓடியிருக்கிறது.

கூரையில் ஃபேனைச் சுற்றி அடிப்பிடித்த பாத்திரம் போல ஒரு கருவட்டம் இருந்தது.

“அம்மா, ரிப்பேரா?” என்று கட்டிலில் இருந்து கேட்டாள் மகள். ஆறு வயது. வயதுக்கு மீறிய வாய், வயதுக்குக் குறைந்த உடம்பு. அதனால் வீட்டில் அவள் பெயர் சுண்டு. இரண்டு வயதில் பிடித்த இழுப்பு இன்னும் விடவில்லை. பேசி முடித்ததும் நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

“ரிப்பேர் எல்லாம் இல்லடி கண்ணு. எவனோ ஒரு அறிவாளி தப்பா மாட்டியிருக்கான். அம்மா ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்.”

இரண்டு நிமிட வேலைதான். மோட்டாரைத் திசை பிடித்துக் கிளப்பிவிடும் கண்டன்சருக்கு இரண்டு கால். கரண்ட் வரும் ஒயரை இந்தக் காலில் இருந்து எடுத்து அந்தக் காலில் மாட்டினால் ஃபேன் திசை மாறிவிடும். ஆனால் மேல் கிண்ணத்தைக் கழற்றியதும் அவள் கை நின்றது. எல்லோரும் செய்வது போல ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கவில்லை. ஈயம் வைத்து ஒட்டி, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றி, மூன்று பூச்சு வார்னிஷ் கொடுத்து, அதன் மேல் பசை ஊற்றிக் கல்லாக்கி வைத்திருந்தது. மாற்றி மாட்ட வழியே இல்லாமல் மிச்ச ஒயரை ஒட்ட வெட்டியும் விட்டிருந்தார்கள்.

“அட, தப்பையே இவ்வளவு திருத்தமா பண்ணியிருக்கானே!” என்று வாய்விட்டுச் சொன்னாள். வேலை தெரிந்தவன் கை அது. வேலை தெரிந்தவன் ஏன் இப்படிச் செய்தான் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் பூட்டிப் போட்ட வேலையைப் பார்த்தால் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத கை அவளுடையது. கத்தியால் பசையைச் சுரண்டினாள். நூலை அறுத்தாள். ஒட்ட வெட்டிய இடத்தில் புது ஒயரைச் சேர்த்தாள். இரண்டு நிமிட வேலை முக்கால் மணி நேரம் பிடித்தது. இறங்கி ஸ்விட்சைப் போட்டபோது காற்று அவள் நெற்றி முடியைக் கலைத்துக்கொண்டு இறங்கியது. சுண்டு கட்டிலில் எழுந்து நின்று கை தட்டினாள். இறக்கை முதுகில் இருந்த தூசியைத் துடைக்கவில்லையே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

காற்றில் ஒரு வாடை இருந்தது. பூட்டிக் கிடந்த வீடு, இருக்கும்தானே. தூங்கி எழுந்த வாயின் வாடை, அதோடு கொஞ்சம் மாத்திரை வாடை.

அன்று கணவன் போனில் கூப்பிட்டபோது பெருமையாகச் சொன்னாள். அவன் சிரித்தான்.

“என்ன மோட்டாரு, தள்ளிவிட்டா ஓடுதா?”

அது பட்டறையின் கேள்வி. கண்டன்சர் போன மோட்டாருக்குத் தனக்கென்று ஒரு திசை கிடையாது. கரண்ட் கொடுத்தால் நின்ற இடத்திலேயே உறுமும். கையால் எந்தப் பக்கம் தள்ளிவிடுகிறோமோ அந்தப் பக்கம் ஓடும். அதனால் யார் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதலாளி முதலில் இதைத்தான் கேட்பார். கேட்டுக் கேட்டு அது இவர்கள் வீட்டு வேடிக்கையாகிவிட்டது. சுண்டு காலையில் எழ அடம்பிடித்தாலும், அவன் லாரி மலை ஏற மறுத்தாலும் இதே கேள்விதான்.

“எல்லாம் தானாவே ஓடுதுங்க” என்றாள் அவள்.

அன்று ராத்திரி சுண்டு இழுக்கவில்லை. நாலு வருடமாக அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவள் அவள். விசில் ஏறினால் எழுந்து வாயில் மருந்து பம்ப் அடிக்க வேண்டும், இறங்கினால் கண்ணயரலாம். அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. நடுவில் இரண்டு முறை எழுந்து குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். காற்று வந்தது. அப்பாடா என்று இருந்தது. வார்னிஷ் வாடையும் தெருப்புழுதியும் இல்லாத இடத்துக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னது பலித்துவிட்டது என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இரண்டாம் நாளும் இழுப்பில்லை. பம்பைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். சுண்டு பேசிக்கொண்டே இருந்தாள், பாடினாள், கட்டிலில் குதித்தாள். ஆனால் ஒன்று. அறையை விட்டு வெளியே விளையாட மட்டும் வரவில்லை. வாசல் வரை வருவாள், நிலையில் கை வைத்து நிற்பாள், திரும்பி ஃபேனடிக்கு ஓடிவிடுவாள்.

“வெளிய காத்தே இல்லம்மா” என்றாள். வெளியே மாடிக் கொடியில் துணியெல்லாம் படபடத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் தரையில் பேப்பர் விரித்து, பட்டறையில் இருந்து கொண்டுவந்த ஒரு சின்ன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். சுண்டு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பேப்பரின் ஓரம் எழும்பியது, அடங்கியது. எழும்பியது, அடங்கியது. கம்பியைச் சுற்றும்போது எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டே இருந்தவளுக்கு, தான் கம்பியை விட்டுவிட்டுப் பேப்பரை எண்ண ஆரம்பித்திருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நாலு எண்ணினால் ஒரு காற்று. மறுபடி நாலு எண்ணினால் ஒரு காற்று.

நிமிர்ந்து பார்த்தாள். காது கொடுத்துக் கேட்டாள். மோட்டாரின் சத்தத்தை வைத்தே அதன் வேகத்தைச் சொல்லிவிடும் காது அது. வேகம் மாறவில்லை. ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் காற்று சீராக வரவில்லை. வந்தது, நின்றது, வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் வெதுவெதுப்பாக, ஈரமாக, அந்த வாய் வாடையோடு வந்தது.

கட்டிலைப் பார்த்தாள். சுண்டுவின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேப்பர் எழும்பும்போது ஏறியது. பேப்பர் அடங்கும்போது இறங்கியது.

சும்மா இரு, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். தூக்கம் கெட்ட மூளை, கண்டதையும் கோர்த்துப் பார்க்கும். கூரையை ஒரு தரம் பார்த்தாள். கருவட்டம் பாதி வெளுத்திருந்தது. தரையைத் தடவினாள். தூசி ஒரு துளி இல்லை. அவ்வளவும் எங்கே போயிருக்கும் என்று யோசிக்காமல் எழுந்து போய் முகம் கழுவினாள்.

நாலாம் நாள் காலை பதினோரு மணிக்கு கரண்ட் போனது.

அப்போது சுண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூனைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். “அந்தப் பூனை என்னையே பாத்துச்சும்மா. பாத்துட்டு என்ன பண்ணுச்சு தெரியுமா, வாயை இவ்ளோ பெருசா தொறந்து...” தலைக்கு மேலே ஃபேன் வேகம் குறைந்தது. குரலும் குறைந்தது. ஒவ்வொரு வார்த்தையும் இழுபட்டு, கனத்து, அடித்தொண்டைக்கு இறங்கியது. “கொட்...”

ஃபேன் நின்றது. சுண்டுவும் நின்றாள்.

வாய் பாதி திறந்திருந்தது. கண் திறந்திருந்தது. கை பூனையின் வாயைக் காட்ட விரித்தபடி அந்தரத்தில் இருந்தது. திணறவில்லை, தவிக்கவில்லை, அழவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

“சுண்டு? ஏய், விளையாடாதடி.”

நெஞ்சில் கை வைத்தாள். ஏறவில்லை. மூக்கில் விரல் வைத்தாள். ஒன்றும் இல்லை. பிடித்து உலுக்கினாள். முதுகில் தட்டினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஊதிய காற்று உள்ளே போகவே இல்லை, உள்ளே ஏற்கனவே இடம் நிறைந்திருப்பது போல அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. எத்தனை என்று தெரியாமலே எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. காற்று இறங்கியது.

“...டாவி விட்டுச்சும்மா!” என்று சொல்லி முடித்துச் சிரித்தாள் சுண்டு. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “ஏம்மா அழுவுற?”

அவள் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினாள். ஆஸ்பத்திரி, டாக்டர், யாராவது. படிக்கட்டில் முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவது படியில் சுண்டுவின் தலை தோளில் தொப்பென்று சாய்ந்தது. கை இரண்டும் தொங்கின. அவள் திரும்பி அறைக்குள் ஓடினாள். ஃபேனடியில் கட்டிலில் போட்டதும் நெஞ்சு ஏறியது. பக்கத்தில் மேசை ஃபேன் ஒன்றைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். பெரிய ஃபேனின் ஸ்விட்சை ஒரே ஒரு நொடி அணைத்துப் பார்த்தாள். பார்த்தவரை போதும் என்று உடனே போட்டுவிட்டாள். மேசை ஃபேனின் காற்று வெறும் காற்றுதான்.

வாசலில் நின்றபடியே கீழே கத்திக் கூப்பிட்டாள். வீட்டுக்கார அம்மா படியேறி வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாலு படி கீழேயே நின்றுகொண்டார். மேலே வரவில்லை.

“அக்கா, இங்க முன்னாடி யாரு இருந்தாங்க?”

“ரேடியோ ரிப்பேர் பண்றவர் ஒருத்தர்மா. ரொம்ப வருஷம் இருந்தார். ஏன்?”

“ஃபேனை எதிர்ப்பக்கம் மாட்டி வச்சிருந்தாரே, அது எதுக்கு?”

அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. “நீ அதை மாத்திட்டியா?”

தொழிலைக் கற்றுக்கொண்ட நாளில் இருந்து ஒரு வேலைக்காக அவள் இப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

“அவர் சம்சாரத்துக்கு மூச்சு முட்டும்மா. படுத்த படுக்கை. இங்க வந்ததும் நல்லாயிட்டாங்கன்னு சந்தோஷமா சொன்னார். பாட்டெல்லாம் பாடுவாங்களாம். அப்புறம் ஒரு மாசம் கழிச்சு என்கிட்ட வந்து, இது அவ மூச்சு இல்லன்னு சொன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. மறுநாள் ஃபேனை எதிர்ப்பக்கமா மாத்தி மாட்டினார். மாட்டி ஸ்விட்சைப் போட்ட அந்த நிமிஷமே அந்தம்மா...” அவர் கையால் மேலே காட்டினார். “அவ்ளோதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் அந்த ஃபேனை அவர் நிறுத்தினதே இல்ல. பகல் ராத்திரி பாக்காம ஓடும். அதுக்குக் கீழ நின்னு மேல பாத்துப் பேசிக்கிட்டே இருப்பார். கீழ எங்களுக்குக் கேக்கும்.” அந்த அம்மா ஒரு படி கீழே இறங்கினார். குரலும் இறங்கியது. “அவர் மட்டும் பேசினா நான் ஏம்மா பயப்படப் போறேன்?”

கீழே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அவள் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவுதான் கணக்கு. ஃபேன் இந்தப் பக்கம் ஓடும்வரை மகள் இருப்பாள். நின்றால் நின்றுவிடுவாள். எதிர்ப்பக்கம் ஓடினால் போய்விடுவாள். உள்ளே இருப்பது யாருடைய மூச்சாக இருந்தால் என்ன? கண் அவளுடையது, வாய் அவளுடையது, பூனைக் கதை அவளுடையது. அந்த ரேடியோக்காரர் போல அவள் கேள்வி கேட்கப் போவதில்லை. இந்த மோட்டாரை ஆயுசுக்கும் ஓடவைக்கச் சொன்னாலும் ஓடவைப்பாள். ஓடவைக்கத் தெரிந்தவள்தானே.

கணவனுக்குப் போன் போட்டாள்.

“நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன்” என்றான் அவன். “என்னாச்சு, குரலே சரியில்ல? தள்ளிவிட்டா ஓடுதா, ஓடலையா?”

அவள் போனை வாயோடு அழுத்திக்கொண்டு அழுதாள்.

“இங்க ஃபேன் ஓடலன்னா நம்ம பொண்ணு இல்லைங்க. சீக்கிரம் வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

ராத்திரி முழுக்கக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் போகவில்லை. விடியும்போது கூரையைப் பார்த்தாள். கருவட்டம் சுத்தமாக இல்லை. சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

அப்போதுதான் காதில் பட்டது. மோட்டாரின் சத்தம் ஒரு நூல் இறங்கியிருந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கண்டன்சர் தேய்கிறது. பழைய கண்டன்சர், எதிர்ப்பக்கமே ஓடிப் பழகியது, ஐந்து நாளாக இந்தப் பக்கம் இழுத்து இழுத்துச் சாகிறது. ஏழு மணிக்கு இறக்கைகள் லேசாகப் பிரிந்து தெரிந்தன. எட்டு மணிக்குச் சுண்டு எழுந்தாள். பேச்சு இழுபட்டது. “அம்...மா... பசிக்...குது” என்றாள். ஒன்பது மணிக்கு அதுவும் இல்லை. படுத்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏற நாலு எண்ண வேண்டியிருந்தது போய் ஒன்பது எண்ண வேண்டியிருந்தது. பத்து மணிக்கு இறக்கைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண முடிந்தது.

மத்தியானம் வரை இது தாங்காது.

கருவிப் பையைக் கவிழ்த்தாள். புதுக் கண்டன்சர் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. கரண்ட் போனபோது நாற்பது வரை குழந்தை தாங்கியது. இரண்டு கால் வெட்டி இரண்டு கால் முறுக்க அவளுக்கு இருபது போதும். பட்டறையில் பந்தயம் கட்டிச் செய்திருக்கிறாள். முக்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தாள். புதுக் கண்டன்சரைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

சுண்டுவின் நெற்றியில் கை வைத்தாள். குழந்தையின் உதடு அசைந்தது.

“அம்...”

“இருடா தங்கம். இதோ. இருபது எண்ணறதுக்குள்ள.”

ஸ்விட்சை அணைத்தாள். ஏறினாள். சுற்றிக்கொண்டிருந்த இறக்கையைக் கையால் பிடித்து நிறுத்தினாள். ஒன்று. கிண்ணத்தை இறக்கினாள். மூன்று. நாலு. பழைய கண்டன்சரின் காலைப் பிளேயரால் கவ்வினாள். கடக். இன்னொரு கால். கடக். ஒட்ட வெட்டிக் கீழே எறிந்தாள். போன கண்டன்சரை யாரும் தெரியாமல் மறுபடி மாட்டிவிடக் கூடாது என்று காலை அடியோடு வெட்டி எறிவது பட்டறைப் பழக்கம். கை யோசிக்கவில்லை. ஒன்பது. பத்து.

பல்லில் இருந்த புதுக் கண்டன்சரை எடுத்தாள். விரலெல்லாம் வியர்வை.

நழுவியது.

தரையில் விழுந்த சத்தம் சின்னதுதான். முக்காலி மேல் இருந்தே பார்த்தாள். கண்டன்சர் ஒரு பக்கம் கிடந்தது. அதன் ஒரு கால் அடியோடு ஒடிந்து இன்னொரு பக்கம் கிடந்தது.

பதினாலு. பதினைந்து.

பழையதை எடுக்கலாம். இல்லை. வெட்டியாயிற்று. தன் கையாலேயே வெட்டியாயிற்று. கட்டிலில் சுண்டுவின் வாய் பாதிச் சொல்லில் திறந்திருந்தது. கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

தள்ளிவிட்டா ஓடுதா?

ஓடும்! கண்டன்சர் இல்லாவிட்டால் என்ன? கரண்ட் கொடுத்துவிட்டுச் சரியான பக்கம் தள்ளிவிட்டால் ஓடும். ஓடிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். குதித்தாள். ஸ்விட்சைப் போட்டாள். மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமியது. ஏறினாள். இருபத்திரண்டு. தாழ்ந்த விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள்.

ஃபேன் நகரவில்லை.

ஒயரில் கோளாறா? இல்லை. உறுமல் சரியாக இருந்தது. பேரிங் இறுகிவிட்டதா? இல்லை. இப்போதுதானே சுற்றியது. மறுபடி தள்ளினாள். ஒரு ஜாண் வந்தது. திரும்பிப் போனது. மெதுவாக, உறுதியாக, ஒரு ஜாண் திரும்பிப் போனது.

தள்ளினாள். எதிரே இருந்தும் தள்ளியது.

இருபத்தெட்டு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முக்காலி ஆடியது. “விடு” என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியவில்லை. “விட்ரு. என் புள்ளை. விட்ரு.”

எதிரே இருந்த இறக்கை அவள் கண் மட்டத்துக்குக் கீழே இருந்தது. அதன் முதுகில் அவள் துடைக்காமல் விட்ட தூசி மெத்தென்று படிந்திருந்தது. அதில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. இன்னொன்று. மேலே கூரையில் இருந்து இறங்கிப் பிடித்தால் எப்படிப் பிடிக்குமோ அப்படி, நாலு விரல்.

முப்பத்தாறு.

வியர்த்த உள்ளங்கை வழுக்கியது. இறக்கை கையை விட்டுப் போனது.

எதிர்ப்பக்கம்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மோட்டாருக்குத் திசை கிடைத்துவிட்டது. உறுமல் அடங்கி, சத்தம் சீராகி, வேகம் ஏறியது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் காற்று படவில்லை. அவள் முந்தானை மேலே எழுந்தது. தரையில் கிடந்த பேப்பர் எழுந்தது. கட்டிலில் சுண்டுவின் முடி, இழை இழையாக, நெற்றியை விட்டுக் கூரையைப் பார்த்து எழுந்து நின்றது. நெஞ்சு இறங்கியது. இன்னும் இறங்கியது. ஏறவில்லை.

“சுண்டு!”

பாதியில் நின்ற அந்த ஒரு சொல்லின் மீதி வந்தது. மகளின் குரல்தான். அவளுக்கு அது தெரியாதா?

கட்டிலில் இருந்து வரவில்லை. தலைக்கு மேலே, வெள்ளைக் கூரையில் மெல்லக் கறுக்கத் தொடங்கியிருந்த வட்டத்துக்குள் இருந்து வந்தது.

“...மா.”